சித்திரம் பயிற்றிய பணிக்கர்

திருமுல்லைவாயிலில் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பெரியார் நெடுஞ்சாலை வழியே மேற்கே சென்றால், 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளியைக் காணலாம். இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல்வராக 1957 முதல் பத்தாண்டுகள் விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர், மாணாக்கரின் சிருஷ்டி சக்தியைக் காப்பதோடு அவர்களது ஜீவனத்தையும் எண்ணிப் பார்த்தவர்.

பட்டம் பெற்ற ஓவியன் வயிற்றுப் பிழைப்புக்காக வேறு உத்தியோகம் தேடிப் போய், தூரிகையையே மறந்துவிடும் பரிதாபத்தைக் கண்ட அவர், 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையருகே மாணவர்களோடும் சகாக்களோடும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஸ்தாபித்தார். அங்கே அவர்கள் துணியில் உருக்கிய மெழுகால் சித்திரம் தீட்டிச் சாயத்தில் தோய்த்தார்கள். மெழுகு படிந்த இடத்தில் நிறம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை நீக்கினால் கோலம் வெளிப்படும். இந்தப் பாத்திக் துணிகளை விற்ற வருவாய் சோற்றுக்கு வழி செய்ததால், ஓவியத்தை வாங்குபவர் ருசிக்கேற்ப வளைக்க வேண்டிய நிர்ப்பந்தம் குறைந்தது. ஆசிரியரின் கருணை இவ்வளவு காரிய சித்தியோடு வெளிப்படுவது அபூர்வம்.

அவரும் கற்பதை நிறுத்தவில்லை. ஐம்பது வயதைக் கடந்தபின், 1963 முதல், எழுத்துகளும் கணிதக் குறிகளும் ஜாதகக் கட்டங்களும் நெருங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற புதிய ஓவிய வரிசையைத் தொடங்கினார். அவர் முதல்வராக இருந்த காலத்தில் அக்கல்லூரியில் பயின்ற ஓவியர் ஆதிமூலம், பின்னாளில் தமிழ் நூல்களின் அட்டைகளுக்கும் தலைப்பெழுத்துகளுக்கும் புது வடிவம் தந்தார்.