1,300 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஒரு மாசம்

இன்னைக்கு எபிசோடு சின்னது, கேள்வியும் சின்னதுதான். ரெண்டு விமான நிலையங்களுக்கு நடுவுல எவ்வளவு தூரம், போக எவ்வளவு நேரம்?

உதாரணத்துக்கு தெற்கு அட்லாண்டிக் கடலுக்குப் போவோம். அங்க ரெண்டு தீவு. ஒண்ணு செயின்ட் ஹெலினா, நெப்போலியன் சிறையிருந்து 1821-ல இறந்த இடம். இன்னொண்ணு அசென்ஷன். ரெண்டும் பிரிட்டன் ஆட்சியில இருக்கு. சுத்தி கடலைத் தவிர வேற எதுவும் இல்ல.

நம்மள மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை. பூமியோட ஆரம் 6,371 கிலோமீட்டர், ரெண்டு இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை. ஹேவர்சைன் சூத்திரத்துல போட்டா, சுமார் 1,300 கிலோமீட்டர்னு வரும். அங்க பறக்குற எம்ப்ரேயர் 190 விமானம் மணிக்கு ஏறக்குறைய 830 கிலோமீட்டர் போகும். ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்த்து ரெண்டு மணி நேரம்னு வெச்சுக்கலாம்.

கணக்குல தப்பில்ல. ஆனா 2017-ல இந்தச் சேவை தொடங்கினப்போ, விமானம் மாசத்துக்கு ஒரு தடவைதான்.

இப்போ திரும்பக் கணக்குப் போடுங்க. ஏதோ ஒரு நாள் திடீர்னு கிளம்பணும்னா, சராசரியா 15 நாள் காத்திருக்கணும். அதுக்கப்புறம்தான் அந்த ரெண்டு மணி நேரம். விமானத்தோட வேகத்தை ரெண்டு மடங்காக்கினா மிச்சமாகுறது ஒரு மணி நேரம். மாசத்துக்கு ரெண்டு தடவை விட்டா, ஒரு வாரத்துக்கு மேலயே மிச்சம்!

காத்திருக்கிறது யாருங்கிறதுதான் முக்கியம். அசென்ஷன்ல பூர்வகுடின்னு யாரும் கிடையாது. வேலை ஒப்பந்தத்துலதான் அங்க தங்க முடியும். அப்படி வர்றவங்கள்ல நிறைய பேர் செயின்ட் ஹெலினாக்காரங்க. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு ஊர்லேர்ந்து போன் நொடியில வந்துரும். மகன் போய்ச் சேர்றது காலண்டர் கையில. முன்னாடி ஓடிக்கிட்டிருந்த கப்பலும் 2018-ல நின்னுடுச்சு.

சரி, அடிக்கடி விடலாமேன்னு தோணும். செயின்ட் ஹெலினா மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம், அசென்ஷன்ல ஆயிரம் பேர்கூட இல்ல. கிட்டத்தட்ட நூறு சீட்டை எத்தனை தடவை நிரப்புவீங்க? அது போக, செயின்ட் ஹெலினா ஓடுபாதை கடலோரச் செங்குத்துப் பாறைக்கு மேல, சுமார் 300 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்க காத்து சட்டுனு திசையும் வேகமும் மாறும். அந்தப் பிரச்சினையாலதான் 2016-ல தொடங்க வேண்டிய பயணிகள் சேவை 2017 அக்டோபர் வரைக்கும் தள்ளிப்போச்சு. இறங்க முடியலைன்னா வேற இடத்துக்குப் போகவும் எரிபொருள் வேணும். பக்கத்துல வேற விமான நிலையமே இல்ல.

அதனால அடுத்த தடவை ஆப்ல தூரமும் நேரமும் பார்க்குறப்போ, கூடவே ஒரு கேள்வி கேளுங்க: இதை விட்டா அடுத்தது எப்போ?

அடுத்த எபிசோடுல சந்திப்போம் மக்களே.