முழங்கையில் மூச்சு



பேக்பைப் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்ரீ தஸ்மேஷ் பைப் பேண்ட்தான். 1986-இல் கோலாலம்பூரில் சீக்கியர்கள் தொடங்கிய குழு அது. 2019-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போய், பேக்பைப் குழுக்களுக்கான உலகப் போட்டியிலேயே வாசித்துவிட்டு வந்தார்கள். வரிசையாக நின்று, வாயால் ஊதி, திடல் முழுக்கக் கேட்கும்படி வாசிக்கிற கருவி அது.

நான் இன்று பேச வந்தது அதன் பங்காளிக் கருவியைப் பற்றி. அயர்லாந்தில் அதை இலன் பைப்ஸ் என்பார்கள். இலன் என்ற ஐரிஷ் சொல் முழங்கையைக் குறிக்கிறது. பெயரிலேயே விஷயம் வந்துவிட்டது. இந்தக் கருவியை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் துருத்தியைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்துக் கொல்லன் பட்டறையில் இருந்ததே, அதே துருத்திதான், அளவில் சிறியது. முழங்கை அசைய அசைய, காற்று இடது கை அணைத்திருக்கும் பைக்குப் போகும். பையிலிருந்து குழலுக்குப் போகும். விரல்கள் குழலில் மெட்டை வாசிக்கும்போது, மூன்று குழாய்கள் விடாமல் சுருதி பிடிக்கும். சாவிகள் பொருத்திய வேறு மூன்று குழாய்களும் உண்டு. அவற்றை மணிக்கட்டால் அழுத்தினால் துணைச் சுரங்கள் சேரும். உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். குழலின் நுனியைத் தொடைமேல் விரித்த தோல்துண்டில் வைத்து, துளைகளையும் மூடிவிட்டால் குழலின் ஒலி சட்டென்று அடங்கும்.

நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இருக்காது. பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிச் சுருதி பிடிப்பாரே, அந்த வேலையை இங்கே அந்த மூன்று குழாய்கள் செய்கின்றன. இரண்டு கருவிகளுக்கும் உயிர் கொடுப்பது நாணல் சீவாளி. கோயிலில் மேளம் தொடங்குவதற்கு முன் நாதஸ்வரக்காரரைக் கவனித்திருப்பீர்கள். சீவாளியை வாயில் வைத்து நனைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடியும் நனைத்துப் பதம் வந்த பிறகுதான் வாசிக்கத் தொடங்குவார். ஐரிஷ் சீவாளிக்கு ஈரம் ஆகாது. துருத்தியின் உலர்ந்த காற்றுதான் அதற்கு ஏற்றது. ஒன்றுக்கு ஈரத்தில் பதம், இன்னொன்றுக்கு உலர்வில் பதம்.

இதை எங்கே வாசிக்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. ஊரிலுள்ள பப்பில், ஒரு மூலையில், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அதற்கு செஷன் என்று பெயர். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. வாசிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருப்பார்கள். யாரோ ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர் கருவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் இடைவெளி விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். பைப் வாசிப்பவர் வந்துவிட்டால் பிடிலும் புல்லாங்குழலும் அவருடைய சுருதிக்குத்தான் சேரும். மெதுவான சோகப் பாட்டு ஒன்றை அவர் தனியாக எடுத்தால் மேசை முழுவதும் அமைதியாகிவிடும்.

பப் என்றதும் தயவுசெய்து முகம் சுளிக்காதீர்கள். குடியால் நம் குடும்பங்கள் பட்ட பாட்டை நானும் அறிவேன். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மேசையை மட்டும்தான்.

அந்த மேசைக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு அயர்லாந்தில் வீட்டு அடுப்படியிலும் நாற்சந்தியிலும் இசையும் ஆட்டமும் நடந்தன. 1935-இல் வந்த நடனக்கூடச் சட்டம் அவற்றை நெருக்கியது. பிறகு, இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆயிரக்கணக்கான ஐரிஷ்காரர்கள் பிழைப்புக்காக லண்டன் போனார்கள். கட்டடம் கட்டினார்கள், சாலை போட்டார்கள். தங்கியதோ ஒற்றை வாடகை அறையில். அங்கே நாலு பேர் கூடி வாசிக்க இடம் ஏது? அதனால் கேம்டன், கென்டிஷ் டவுன் பக்கத்துப் பப்களில் கூடினார்கள். இன்று உலகம் அறிந்த செஷன் வளர்ந்ததில் அந்தப் புலம்பெயர்ந்த கூலிக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அப்படி லண்டனில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் வில்லி கிளான்சி. தொழிலால் தச்சர். ஊர் ஊராக வண்டியில் சுற்றி வாசித்த ஜானி டோரனைக் கேட்டு இந்தக் கருவியில் மனம் பறிகொடுத்தவர். பிறகு ஊர் திரும்பி, 1973-இல் காலமானார். அவர் பெயரில் அதே ஆண்டு மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில் ஒரு கோடைக்கால இசைப்பள்ளி தொடங்கியது. ஆண்டுதோறும் ஜூலையில் அந்த ஊரே பள்ளிக்கூடமாகிவிடும். பைப் வாசிப்போர் 1968-இலேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, கருவி செய்யவும் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 2017-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

நேயர்களே, இந்தக் கதையைக் கேட்கும்போது உங்களுக்கு நம்முடைய தோட்டங்கள் நினைவுக்கு வரவில்லையா? இன்று பண்டார் கின்ராரா இருக்கும் இடம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பூச்சோங்கில் இப்போது வீடும் கடையுமாக நிற்கும் எத்தனையோ நிலங்களில் நம் முன்னோர் பால் வெட்டினார்கள். அங்கேயும் தப்பும் உறுமியும் இருந்தன. கற்றுக்கொடுக்கத் தனியாகப் பள்ளி எதுவும் இல்லை. மாலையில் கோயில் வாசலில் பெரியவர்கள் அடிப்பார்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே பழகினார்கள். தோட்டங்கள் வீடமைப்புக்குப் போனபோது லயத்து வீடுகளோடு அந்த வாசலும் போயிற்று.

ஆனால் உறுமி போகவில்லை. எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் சனிக்கிழமை மாலைகளில் சில இளைஞர்கள் கூடுவார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடிக்கு அடிப்பவர்கள். ஒருவர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓர் உறுமல் எழும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். பத்து வயதுப் பையன் ஒருவன் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு இன்னும் மேளம் கொடுக்கவில்லை. விரல்கள் மட்டும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, காது நிறைஞ்சதும் கை தானா வரும்." அயர்லாந்து மேசையில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பவரும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்.

சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் புகார் எழுந்தது. அவர்கள் மேம்பாலத்துக்கு அடியில் போனார்கள். அங்கேயும் நிலைக்க முடியவில்லை. குடியிருப்பில் இரவு அமைதி வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் புகார் சொன்ன நாம், வேறு இடம் காட்டினோமா? இடம் கொடுக்காமல் விரட்டிவிட்டு, இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று பேசுவது தகுமா?

கோயில் நிர்வாகங்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், உங்கள் மண்டபத்தின் ஒரு மூலையைத் திறந்துவிடுங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பரிசளிப்பு வேண்டாம். வட்டமாகப் போட்ட பத்து நாற்காலி போதும். உறுமியோ, நாதஸ்வரமோ, புல்லாங்குழலோ, தெரிந்ததை எடுத்து வரட்டும். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்கட்டும், தெரியாதவர் கேட்கட்டும். அந்தப் பத்து வயதுப் பையனுக்கும் அதில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.