பத்து இலட்சம் மரத்தூபிகள்



கையில் எடுத்து வைத்துக்கொள்ளத்தக்க ஒரு சிறு மரத்தூபியை மனக்கண்ணிற் காணுமாறு வேண்டுகிறேன். உயரம் ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர். மூன்று அடுக்குகள், அவற்றின் மேல் ஒரு கூர்முடி. அம்முடியை மெல்லக் கழற்றினால் உள்ளே ஒரு குழி. குழியினுள் சுருட்டி வைத்த காகிதம். இத்தகைய தூபிகள் பத்து இலட்சம் எட்டாம் நூற்றாண்டிலே யப்பானிற் செய்விக்கப்பட்டன.

அதற்குக் காரணமாயிருந்தது ஓர் உள்நாட்டுப் போர். 764ஆம் ஆண்டில் பூஜிவாரா நோ நக்கமாரோ என்னும் அமைச்சன், துறவு பூண்டிருந்த முன்னாட் பேரரசிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தான். பீவா ஏரிக்கரையிலே அவன் கொல்லப்பட்டான். பேரரசி, ஷோத்தோக்கு என்ற பெயருடன் மீண்டும் அரியணை ஏறினார். (பௌத்தத்தை வளர்த்த இளவரசர் ஷோத்தோக்கு வேறு, அவர் ஒன்றரை நூற்றாண்டு முற்பட்டவர்.) தூபி சமைத்து அதனுள் தாரணி மந்திரங்களை வைப்போரின் பாவம் நீங்கும் என்பது ஒரு பௌத்த சூத்திரத்தின் கூற்று. பேரரசி அதனைப் பற்றிக்கொண்டார். சிந்திய குருதிக்கு இரங்கியா, ஆட்சியை நிலைநிறுத்தவா என்று கேட்பாருண்டு. இரண்டும் கலந்திருந்தன என்பதே என் எண்ணம்.

பணி 770இல் முற்றுப்பெற்றது. பத்து விகாரைகளுக்கு இலட்சம் வீதம் அவை பகிர்ந்தளிக்கப்பட்டன. அவ்வாண்டே பேரரசியும் காலமானார்.

பத்து இலட்சம் மந்திரச் சுருள்களைக் கையால் எழுதி முடித்தல் எளிதாகுமா? ஆகவே அவற்றை அச்சிட்டனர். மரப்பலகையாலா, உலோகத்தகட்டாலா என்பதில் அறிஞரிடையே இன்னும் வழக்குண்டு. கொரியாவில் 1966இல் ஒரு கற்றூபியினுள் வெளிப்பட்ட அச்சுச்சுருள் இவற்றினும் பழையதென்பர் பலர். எவ்வாறாயினும், இன்றுள்ள மிகப் பழைய அச்சுக்களில் இவையும் அடங்கும். வியப்பு யாதெனின், இவை படிப்பதற்கென அச்சிடப்பட்டனவல்ல. வடமொழி ஒலிகளைச் சீன எழுத்தாற் பெயர்த்து, சுருட்டி, மூடி வைத்தார்கள். பொருளன்று, மந்திரத்தின் இருப்பே பயன் தருமென நம்பினார்கள்.

ஏனைய ஒன்பது விகாரைகளிற் சேர்ந்தவை நெருப்பிலும் காலத்திலும் அழிந்துபோயின. நாராவை அடுத்துள்ள ஹோர்யூஜியில் மட்டும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. 1908இல் அவ்விகாரை, பொருளுதவி செய்தோருக்கு அவற்றுட் சிலவற்றை வழங்கியது. பிறநாட்டு நூதனசாலைகளில் இன்று காணப்படும் தூபிகளுள் அவ்வழியாக வெளிச்சென்றவையும் உள.

மேலே பூசிய வெண்களிமண் பலவற்றில் உதிர்ந்துவிட்டது. அடியைத் திருப்பிப் பார்த்தால், கடைசற்பொறியின் வரைகளுக்கிடையே மை எழுத்துக்கள் தென்படும்: செய்து முடித்த நாளும், கடைந்த தொழிலாளியின் பெயரும்.