விழாவுக்கு முந்திய நாள்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் உரையாற்ற வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "எதைப் பற்றி?" என்று வினவினேன். "உங்கள் விருப்பம். ஆனால் கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் நேரம், அதற்கேற்ப இருக்கட்டும்" என்றார். மார்கழி என்றதும் திருப்பாவையையும் திருவெம்பாவையையும் நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றில் ஆழங்கால் பட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் நான் வாய் திறப்பது முறையன்று. எனக்குத் தெரிந்த ஒரு தெருவைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். தெருவுக்குப் போகுமுன் ஒரு காப்பியத்தின் வாயில் வழியாகப் போவோம்.

மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். சாத்தனார் தம் காப்பியத்தை விழாவில் தொடங்கவில்லை. விழா வரப்போகிறது என்னும் அறிவிப்பில் தொடங்குகிறார். வச்சிரக் கோட்டத்து முரசு யானையின் பிடரியில் ஏறுகிறது. புகார் நகரத்துத் தெருக்களில் அறிவிப்போன் குரல் கேட்கிறது. அவன் என்ன சொல்கிறான்? நிறைகுடங்களையும் பாவை விளக்குகளையும் வையுங்கள் என்கிறான். கமுகும் வாழையும் கரும்பும் நடச் சொல்கிறான். தெருக்களிலும் மன்றங்களிலும் பழைய மணலை அகற்றிப் புது மணல் பரப்பச் சொல்கிறான். அறம் உரைக்க வல்லவர்கள் பந்தரிலும் பொதியிலிலும் வந்து அமரட்டும் என்கிறான். தத்தம் சமயத்தின் பொருளை வாதிட வல்லவர்கள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறட்டும் என்கிறான். நம்மைப் போன்ற இலக்கிய வட்டங்களுக்கும் விழா ஏற்பாட்டில் அன்றே இடம் இருந்தது என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம்.

அதன்பின் வருகிற கட்டளைதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைப்பது. பகைவரைக் கண்டாலும் இந்த இருபத்தெட்டு நாளும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்கிறான் முரசறைவோன். பகையை விட்டுவிடச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய கோரிக்கையை எந்த ஊர் ஏற்கும்? விலகிப் போகச் சொன்னான். அது மனிதரால் இயலக்கூடியது.

அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர் கார்த்திகை விளக்கீட்டைச் சொல்கிறார். பிரிந்து போன தலைவன் அந்த விழாவைப் பலரோடும் சேர்ந்து கொண்டாட வந்துவிட வேண்டும் என்று தலைவி விரும்புகிறாள். அங்கேயும் விளக்கு வைப்பது மறுகில், அதாவது தெருவில். நம் பழைய நூல்களில் விழா என்பது தெருவுக்கு உரியது. வீட்டுக்குள் அடங்குவது அன்று.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலியில் இருக்கிறது அது. இருபத்தெட்டு வீடுகள், சைவர், கிறித்தவர், இஸ்லாமியர் எல்லாரும் கலந்து வாழ்கிற தெரு. மார்கழி முதல் நாள் டிசம்பர் 16 அல்லது 17இல் வரும். அதற்கு முன்பே கிறித்தவ வீடுகளின் வாசலில் மூங்கில் சிம்பில் தாள் ஒட்டிய நட்சத்திர விளக்கு தொங்கத் தொடங்கிவிடும். விடியலில் பஜனைக் குழு ஒரு முனையிலிருந்து வரும். இரவில் கேரல் பாடுவோர் மறு முனையிலிருந்து வருவர். நட்சத்திரத்தின் கீழே கோலம். கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ. அந்தப் பூச்சாணத்தை எருவாகத் தட்டிக் காயவைத்துத் தைமாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் சிறுமியர் ஆற்றில் விடுவார்கள்.

இஸ்லாமியரின் ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது; ஆகவே ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அது மார்கழியோடு வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு எங்கள் தெரு உறங்கவே இல்லை என்று சொல்லலாம். இரவு பத்து மணிக்குக் கேரல். நோன்பாளிகளைச் சஹருக்கு எழுப்பும் ஓசை பின்னிரவில். அது ஓய்ந்ததும் பஜனைத் தாளம். என் தாயார், "எல்லாச் சாமியும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிற மாதம்" என்றார். தூக்கம் கெட்ட எரிச்சலில் சொன்னாரா, மகிழ்ச்சியில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. 2030களின் தொடக்கத்தில் இவை மீண்டும் கூடிவரும்.

இந்த நாள்களின் உண்மையான போக்குவரத்து பலகாரத் தட்டுதான். மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போதே யார் வீட்டில் என்ன பலகாரம் என்பது தெரிந்துவிடும். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் முந்திரிக்கொத்தும் போகும். கிறிஸ்துமசுக்கு அதே முறுக்கும் அதே முந்திரிக்கொத்தும் கேக் ஒரு துண்டு சேர்ந்து திரும்பி வரும். ரமலானில் நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் வரும். பொங்கலுக்குக் கரும்பும் பனங்கிழங்கும். தட்டின் அடியில் வீட்டுக்காரர் பெயர் பொறித்திருக்கும். ஆகவே மாறிப் போகாது. வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது ஒரே விதி. வீட்டில் ஒன்றுமில்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது இட்டு அனுப்புவார்கள்.

என் தந்தையாரும் அடுத்த வீட்டு அண்ணாச்சியும் ஒரு சாக்கடைச் சரிவுக்காக நான்காண்டு பேசாமல் இருந்தார்கள். அந்த நான்காண்டும் தட்டு போய் வந்தது. வாசல் வழியே போகாமல் கொல்லைப்புறம் வழியாக, என் கையில் போயிற்று. வாங்கிக்கொள்ளும் அத்தை, "அப்பா எப்படி இருக்காக?" என்று மெல்லக் கேட்பார். வீட்டுக்கு வந்ததும் தந்தையார் செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், "அவருக்கு இருமல் நின்னுட்டாமா?" என்று கேட்பார். முரசறைவோன் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான் என்று பின்னாளில் மணிமேகலையைப் படித்தபோது எண்ணிக்கொண்டேன்.

அந்நாளில் அதை நான் இனிய வழக்கம் என்று மட்டுமே கருதியிருந்தேன். தட்டு சுமந்து போகிறவன் எத்தனை செய்திகளைச் சுமந்து வருகிறான் என்பதை நினைத்துப் பார்த்ததில்லை. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, எந்த மகன் வெளியூர் போனான், எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது, எந்த மாடிப்படி வழுக்கும் என்பதெல்லாம் என் தாயாருக்குத் தெரியும். எந்த ஏட்டிலும் எழுதப்படாத அந்தக் கணக்கு ஆண்டுக்கு நான்கு முறை பலகாரத் தட்டினால் புதுப்பிக்கப்பட்டு வந்தது.

2021ஆம் ஆண்டு ஆடியில் என் தாயார் காலமானார். துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஓராண்டுக்கு விழா இல்லை. பலகாரச் சட்டி அடுப்பேறாது. அண்டை அயலார் கொண்டுவந்து தருவார்கள். அவர்கள் தந்தார்கள், நாங்கள் பெற்றுக்கொண்டோம். ஓராண்டு முடிந்தது. மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. எனக்கு அலுவல், மனைவிக்கு முழங்கால் வலி, பிள்ளைகள் வெளியூரில். கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டிகளை மிக நெருங்கிய நான்கு வீடுகளுக்குக் கொடுத்து முடித்துக்கொண்டோம். பெட்டிக்குத் திரும்பி வரும் வழக்கம் கிடையாது.

2022இல் தெருக்கோடியில் ஒரு பின்கட்டுக்கு ஒரு மூதாட்டியும் பள்ளியில் படிக்கும் பேத்தியும் வாடகைக்கு வந்தார்கள். அந்த வீட்டின் கதவு தெருப்பக்கம் இல்லை. பக்கவாட்டு முடுக்கில் இருந்தது. அவர்கள் வந்திருக்கிறார்கள் என்பது தெரியும். காலையில் அந்தப் பெண் சீருடையில் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டும் அங்கே போகவில்லை. நாங்கள் அனுப்பவில்லை, மற்றவர்களும் அனுப்பவில்லை. புதிதாக வந்த வீட்டுக்கு முதல் தட்டு என் தாயார் கையிலிருந்து போவதுதான் எங்கள் தெருவில் வழக்கமாக இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை இந்த அவையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. எங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்குக் கணுக்காலளவு இருந்த நீர், நள்ளிரவில் மார்பளவு ஆயிற்று. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. வாசலில் அன்று விடியலில் இட்ட மார்கழி முதல் கோலம் எங்கே போயிற்றோ தெரியாது. நட்சத்திர விளக்குகள் மட்டும் ஒளியின்றி ஆடிக்கொண்டிருந்தன.

தெரு இளைஞர்கள் கயிறு கட்டி வீடு வீடாகப் போனார்கள். கேரல் பாடும் பிள்ளைகளும் பஜனை பாடும் பிள்ளைகளும் பள்ளிவாசல் பிள்ளைகளும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை முதியவர், யாரைத் தூக்கி வர வேண்டும் என்று வயதான பெண்கள் மாடியிலிருந்து சொல்லச் சொல்ல, அவர்கள் தேடிப் போனார்கள். பழைய தட்டுக் கணக்குதான் அது. இருபத்தெட்டு வீட்டாரும் விடியுமுன் மாடிகளுக்கு வந்து சேர்ந்தோம். எல்லாரும் வந்தாயிற்று என்று ஒருவர் அறிவித்தார். நாங்கள் நம்பினோம்.

முடுக்கு வீட்டை யாரும் எண்ணவில்லை.

காலை ஏழு மணியளவில் மழை சற்றுத் தணிந்தபோதுதான் ஓசை கேட்டது. பேத்தி, எவர்சில்வர்த் தட்டு ஒன்றைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் அடித்திருக்கிறாள். மேசைமேல் நாற்காலி போட்டுப் பாட்டியை அதில் அமர்த்தி, தான் மேசையில் நின்றிருக்கிறாள். நீர் அவள் இடுப்பளவில் இருந்தது. இருவரும் உயிரோடு இருந்தார்கள். எங்கள் மாடிக்கு அவர்களைக் கொண்டுவந்து துணி மாற்றி வெந்நீர் கொடுத்தோம். மனம் பொறாமல் நான் கேட்டேன்: "சத்தம் போட்டு யாரையாவது கூப்பிட்டிருக்கக் கூடாதா, ஆச்சி?"

அந்த மூதாட்டி என்னைப் பார்த்தார். சினம் இல்லை, குறை கூறும் குரலும் இல்லை. "யாரைன்னு கூப்பிட, ஐயா? ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாதே" என்றார்.

இந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். இலக்கியம் கற்றவன், புகார் நகரத்துத் தெருக்களை ஒவ்வொன்றாக விரித்துரைக்கத் தெரிந்தவன், என் வீட்டிலிருந்து நூறு அடி தொலைவில் இருந்தவருக்கு என் பெயர் தெரியாது. எனக்கும் அவர் பெயர் தெரியாது.

மணிமேகலையில் புகார் கடல்கோளால் அழிகிறது. இந்திர விழாவை மறந்ததால் அழிந்தது என்று காப்பியம் சொல்கிறது. நெடுமுடிக்கிள்ளி ஏன் மறந்தான்? மகனை இழந்த துயரில் மறந்தான். தன் வீட்டுத் துக்கத்தில் ஊரை மறந்த மனிதன் அவன். தெய்வத்தின் சாபம் என்று சாத்தனார் பாடினார். மழைக்கும் வெள்ளத்துக்கும் விழாவை மறந்தது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வானிலையும் வடிகாலும் ஏரியும் அதற்குக் காரணங்கள். ஆயினும் விழாவை மறக்கும் ஊர் வேறு சிலவற்றையும் சேர்த்து மறக்கிறது. மணலை மாற்றுவதையும், பகையைக் கண்டு விலகுவதையும், யார் எங்கே இருக்கிறார் என்று அறிவதையும் மறக்கிறது. நீர் வரும் இரவில் அந்த மறதிக்கு விலை கேட்கப்படுகிறது.

அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நின்றுபோனது. அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அருகிலிருந்த சிற்றூர் மக்கள், தங்களிடம் இருந்த அரிசியைக் கொண்டு உணவு சமைத்து அளித்தார்கள். பெயர் தெரியாதவர்க்கும் சோறிடும் மனம் நம் மண்ணில் வற்றிவிடவில்லை. இடருக்குப்பின் தோன்றும் அந்த மனம், இடருக்கு முன்பே ஒரு தட்டின் வடிவில் தெருவில் நடமாட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

2024ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு என் மனைவி முழங்கால் வலியோடு அடுப்படியில் நின்றார். தாயாரின் பெயர் பொறித்த தட்டை எடுத்துக்கொண்டு நான் முடுக்கு வீட்டுக்குப் போனேன். சுவரில் நீர் நின்ற கோடு அழியாமல் இருந்தது. வெள்ளத்தில் வீட்டுப் பொருள்கள் பெரும்பாலும் போயிருந்தன. மறுநாள் பேத்தி தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அதில் இரண்டு பனங்கிழங்கு இருந்தன. அந்த விதி அவர்களுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தவர்களை ஒன்றரை ஆண்டு நாங்கள்தான் வெளியே நிறுத்தியிருந்தோம்.

நண்பர்களே, பத்தாண்டு நிறைவில் நம் வட்டம் எத்தனையோ தீர்மானங்களை நிறைவேற்றலாம். பட்டிமண்டபத்தில் ஏறுவோர்க்கும் விழாவறை காதையில் பங்குண்டு என்று முன்பே சொன்னேன். மணல் பரப்புவோரோடு சேர்த்துத்தான் நம்மை அந்த முரசு அழைத்தது. ஆகவே ஒரு சிறிய தீர்மானத்தை முன்மொழிகிறேன். இந்த மார்கழியில் நாம் ஒவ்வொருவரும், இதுவரை நம் தட்டு போகாத ஒரு வீட்டுக்கு ஒரு தட்டைக் கொண்டு செல்வோம். அடுக்ககத்தில் வாழ்வோர் மேல்தளத்துக்கோ கீழ்த்தளத்துக்கோ போகலாம். வடமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்வோரின் கொட்டகைக்கும் போகலாம். கடையில் வாங்கிய பலகாரமாயினும் குற்றமில்லை. ஆனால் பெட்டியில் வேண்டாம், தட்டில் கொண்டு போவோம். திருப்பித் தர வேண்டிய ஒன்று இருந்தால்தான் அவர்கள் நம் வாசலுக்கு வருவார்கள். வரும்போது அவர்கள் பெயரைக் கேட்போம். நம் பெயரைச் சொல்வோம்.

பசியும் பிணியும் பகையும் நீங்குக என்று வாழ்த்தித்தான் முரசறைவோன் தன் பணியை முடித்தான். அவ்வாழ்த்தையே நம் வட்டத்துக்கும் நம் தெருக்களுக்கும் கூறி அமைகிறேன்.