எட்டு மடையும் ஒரு வாய்க்காலும்



மழை குறைந்த பூமி எங்கள் பந்தல்குடி. கண்மாயில் நீர் பெருகும் ஆண்டில், எந்த மடையை எவ்வளவு திறப்பது என்பதே பெரிய கணக்கு. அந்தக் கணக்கை மறந்து நான் செய்த பிழை ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு அண்டை வீட்டு மாணவன் ஒருவன், எட்டுச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் ஓடும் பலகை ஒன்றைச் செய்தான். மைக்ரோகண்ட்ரோலர் ஆணையிட, 74 எச்.சி. 595 என்னும் சில்லு விளக்குகளுக்கு மின்சாரம் வழங்கிற்று.

"மாமா, அளவு சரிதானா?" என்று கேட்டான்.

மின்னழுத்தம் 5 வோல்ட். விளக்கு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட். எஞ்சிய 3 வோல்ட்டை 150 ஓம் தடையால் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர். சில்லின் ஒரு கால் தாங்கும் உச்ச அளவோ 35. "சரிதான்" என்றேன்.

விளக்குகள் ஒவ்வொன்றாக ஓடியவரை குறையில்லை. எட்டும் ஒருசேர எரிந்தபோது சில்லு சுட்டது. சற்று நேரத்தில் செயலிழந்தது. தன் கைவேலைதான் கெட்டதென்று பையன் முகம் வாடினான். பிழை அவனுடையதன்று, என்னுடையது.

எட்டு மடைக்கும் நீர் தருவது ஒரே வாய்க்கால். மடை தாங்கினாலும் வாய்க்காலின் கரை தாங்க வேண்டுமல்லவா? அச்சில்லின் மின்வழங்கு காலும் நிலக்காலும் தாங்கும் உச்ச அளவு 70 மில்லி ஆம்பியரே. எட்டு இருபது 160 ஆயிற்றே! 150 ஓமுக்குப் பதில் 470 ஓம் இட்டோம். விளக்கொன்றுக்கு ஆறரைக்கும் குறைவு; எட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 51. ஒளியும் போதுமானதாக இருந்தது.

மைக்ரோகண்ட்ரோலருக்கும் இதே நியதிதான். ஏ.டி.மெகா 328 பி-யில் ஒரு காலின் உச்சம் 40. மொத்தத்தின் உச்சம் 200. உச்சம் என்பது அழிவின் எல்லை. அன்றாடம் நடக்கும் பாதையன்று. மிகுந்த மின்னோட்டம் வேண்டுமாயின் யு.எல்.என். 2803 போன்ற இயக்கிச் சில்லை இடையில் வையுங்கள். அதன் ஒவ்வொரு வழியும் 500 வரை தாங்கும். ஆனால் எட்டையும் ஒருங்கே அவ்வளவுக்கு இயக்கினால் வெப்பம் அதையும் கெடுக்கும்.

ஆகவே நண்பர்களே, ஒன்றின் கணக்கோடு நின்றுவிடாதீர்கள், கூட்டியும் பாருங்கள். அந்தப் பையன் இப்போது என்னிடம் கேட்பது வேறு கேள்வி: "மாமா, மொத்தம் எவ்வளவு?"