கல்லூரிக்குள்ளும் வந்துவிட்ட பதலி முறை

(அகமதாபாத் மணிநகரில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



"பகுதிநேர விரிவுரையாளர் தேவை" என்று பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் விளம்பரம் தருகின்றன. அதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். உடல் உழைப்பால் பிழைக்கும் நமக்கு இந்த விளம்பரத்தில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். இரண்டு வகையில் இது நம் வீட்டு விஷயம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படிக்க அனுப்பும் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவர் யார் என்பது ஒன்று. அதே பிள்ளை எம்.இ. முடித்துவிட்டு வேலை தேடும்போது, எதிரே நிற்பது பெரும்பாலும் இந்தப் பகுதிநேர வேலைதான் என்பது மற்றொன்று.

பகுதிநேர ஆசிரியர் என்ற ஏற்பாட்டையே நான் குறை சொல்ல வரவில்லை. ஆலையிலோ மின்நிலையத்திலோ பல ஆண்டுகள் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து பாடம் சொன்னால் மாணவனுக்கு லாபம். புத்தகத்தில் இல்லாத அனுபவம் அவரிடம் இருக்கிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே வழிமுறை வகுத்தது. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களை, பட்டத்தை மட்டும் பாராமல், பேராசிரியராக அழைக்கலாம். அவர்கள் எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. இது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் நடப்பது என்ன? நிரந்தர ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை நிரப்புவதில்லை. கல்லூரி திறக்கும் நேரத்தில் அவசரமாக ஒரு விளம்பரம். ஒரே நாளில் நேர்முகத் தேர்வு. வேலை ஒரு பருவத்துக்கு மட்டும். சம்பளம் வகுப்புக் கணக்கில். பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த பருவத்துக்கு மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் காத்திருப்பு. வேறு பிழைப்பு உள்ளவர் ஓய்வு நேரத்தில் வந்து பாடம் சொல்வதற்கு ஏற்பட்ட பெயரை, இதை மட்டுமே நம்பி வாழ்கிற இளைஞனின் தலையில் கட்டிவிட்டார்கள்.

சம்பளக் கணக்கையும் பார்ப்போம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று 2019 ஜனவரியில் மானியக் குழு அறிவித்தது. அது உச்சவரம்பு. அதை முழுதாகப் பெறவே மாதம் 33 வகுப்புக்கு மேல் எடுக்கவேண்டும். வகுப்புக்கு 500 ரூபாய் தருகிற கல்லூரியில் 33 வகுப்புக்குக் கிடைப்பது 16,500 ரூபாய். வகுப்புக் கணக்கில் கூலி என்றால் பாடம் தயாரிக்கும் நேரத்துக்கும் விடைத்தாள் திருத்தும் இரவுக்கும் தனிக் கூலி கிடையாது. கோடை விடுமுறையில் அடுப்பு எரிய வழியும் கிடையாது.

தோழர்களே, நம் குஜராத்தின் கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களாக இருந்தவர்கள் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு வந்தது 2025 ஆகஸ்ட் 22. அனுமதிக்கப்பட்ட இடங்கள் 2,720. அவற்றில் முறையான நியமனம் பெற்றவர்கள் 923 பேர். தற்காலிக நியமனத்தில் 158 பேர். ஒப்பந்தத்தில் 902 பேர். காலியாகக் கிடந்தவை 737. அதாவது மூன்று இடங்களில் ஏறக்குறைய இரண்டில் நிரந்தர ஆசிரியர் இல்லை! நிரந்தரமானவர் மாதம் லட்சத்துக்கு மேல் வாங்கிய காலத்தில், அதே பாடத்தை அதே வகுப்பறையில் நடத்திய ஒப்பந்த ஆசிரியருக்குக் கிடைத்தது 30,000 ரூபாய்.

இந்த ஊர் மில்களில் வேலை செய்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பதலி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விடியற்காலையில் கேட்டில் நிற்பது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் தறியில் வேலை. வந்துவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புவது. அந்தப் பதலிக்குக்கூடத் தொழிலாளி என்ற பெயராவது இருந்தது, சங்கம் இருந்தது. எம்.இ. படித்த பதலிக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆசிரியர் என்பவர் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் "தொழிலாளி" ஆகமாட்டார் என்று, கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குரு என்று கும்பிடுவார்கள். கூலி கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால் கதவைச் சாத்துவார்கள்.

சட்டம் முழுவதும் எதிராக இருக்கிறது என்று சோர்ந்துவிட வேண்டாம். மூன்று தீர்ப்புகளை நினைவில் வையுங்கள். 2006இல் கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் நடந்த வழக்கில், முறையான தேர்வு இல்லாமல் வேலைக்கு வந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. 2016இல் பஞ்சாப் வழக்கில், நிரந்தரமானவரின் வேலையையே செய்கிற தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் அடிப்படைச் சம்பளமாவது தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மூன்றாவது, நான் முன்பு சொன்ன குஜராத் வழக்கு. அந்த ஒப்பந்த ஆசிரியர்களுக்கு உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்சச் சம்பள விகிதம் தரவேண்டும், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டு பாக்கியையும் வட்டியோடு தரவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். எந்த வாசல் வழியாக வேலைக்குள் நுழைந்தோம் என்பதே பின்னால் நம் பக்கம் பேசும் சாட்சி. பொது விளம்பரம், தேர்வுக் குழு, எழுத்தில் நியமன ஆணை இவையெல்லாம் இருந்தால் வழக்குக்குக் கால் உண்டு. "தெரிந்த பையன், நாளை முதல் வந்துவிடு" என்று வாய்வார்த்தையில் வந்தவனுக்கு நிற்க இடமில்லை. பகுதிநேர வேலைதானே என்று இந்த முறைகளை அலட்சியம் செய்கிற நிர்வாகம், அந்த இளைஞனின் நாளைய உரிமையையும் சேர்த்துப் பறிக்கிறது.

மாணவனுக்கு வரும் நஷ்டமும் சிறிதல்ல. பாதிப் பருவத்தில் வேறு வேலை கிடைத்து ஆசிரியர் போய்விட்டால், அவர் மேல் குற்றம் சொல்ல முடியுமா? ஆய்வுக்கூடமும் இறுதியாண்டுத் திட்டப்பணியும் பொறுப்பாளர் இல்லாமல் கிடக்கும். ஏற்கெனவே 2018இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை 20 மாணவருக்கு ஒருவர் என்று தளர்த்தியது. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று மானியக் குழு 2018 விதிகளில் வைத்திருந்த வரம்பு, 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் காணாமல் போயிருந்தது. பூட்டு ஒவ்வொன்றாகக் கழலும்போது, வீட்டுக்காரன் விழித்திருக்க வேண்டாமா?

ஆகவே நாம் செய்யவேண்டியவை சில உண்டு. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்கள் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், பகுதிநேரத்தார் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆசிரியர் பட்டியலைக் கல்லூரி வெளியிட்டாக வேண்டும், தயங்காமல் கேட்கலாம். அரசுக் கல்லூரியானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நம் கையில் இருக்கிறது. ஒரு மனு போதும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: எழுத்தில் ஆணை இல்லாமல் ஒரு வகுப்பும் எடுக்காதே. விளம்பரத்தின் நகல், நியமன ஆணை, வகுப்புப் பதிவேட்டின் நகல், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்து. தனியாக நிர்வாகியைப் பார்த்துக் கெஞ்சாதே. உன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து நில். குஜராத் வழக்கில் வென்றவர்களும் ஒன்றாகச் சேர்ந்து போனவர்களே.

இந்த அகமதாபாத்தில்தான் 1918இல் மில் தொழிலாளர்கள் 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டு, காந்தியடிகள் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஊரில் வாழும் நமக்குக் கூலி கேட்பதில் வெட்கம் எதற்கு? கரும்பலகை முன்னால் நிற்பதும் உழைப்பு. அந்த உழைப்புக்கு முறையான நியமனமும் முழுச் சம்பளமும் கேட்பது நம் பிள்ளைகளின் உரிமை. காலியிடங்களை நிரப்பு என்ற குரல் ஆசிரியர்களிடமிருந்து மட்டும் எழுந்தால் போதாது. கட்டணம் கட்டுகிற நம்மிடமிருந்தும் எழவேண்டும்.