எக்ஸெல்லில் ஜெர்மன் சொற்பட்டியல்

வேலைக்காகவும் மேல்படிப்புக்காகவும் ஜெர்மன் படிக்கிறவர்கள் இன்று நம்மிடையே நிறையப் பேர். அவர்களைத் திணறடிப்பது பெயர்ச்சொற்களின் பால். மேசை ஆண்பால்: டெர் டிஷ். கதவு பெண்பால்: டீ ட்யூர். ஜன்னல் இரண்டிலும் சேராது: டாஸ் ஃபென்ஸ்டர். டெர், டீ, டாஸ் என்ற முன்சொல்லோடுதான் எந்தப் பெயர்ச்சொல்லையும் படிக்க வேண்டும்.

அப்படி முன்சொல்லோடு எழுதிய சொற்பட்டியலை எக்ஸெல்லில் ஏற்றி அகரவரிசைப்படுத்துங்கள். மூன்று முன்சொற்களும் 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால், எல்லாச் சொற்களும் அதன் கீழேயே குவிந்துவிடும். இங்கேதான் ஃபார்முலா கைகொடுக்கிறது.

முதலில் 'டிரிம்'. முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வீண் இடைவெளிகளை அது நீக்கிவிடும். அடுத்து 'லெஃப்ட்'. மூன்று முன்சொற்களுக்கும் தலா மூன்றே எழுத்து. அதனால் இடப்பக்கம் மூன்றெழுத்து எடு என்றால் போதும், முன்சொல் தனிப் பத்திக்கு வந்துவிடும். நான்காவது இடம் இடைவெளி. ஐந்தாவது எழுத்திலிருந்து எடுத்துக்கொள் என்று 'மிட்' ஃபார்முலாவுக்குச் சொன்னால், சொல் மட்டும் அடுத்த பத்தியில் நிற்கும். இனி அகரவரிசை ஒழுங்காக வரும். ஒரே சொல்லை இரண்டு முறை எழுதியிருந்தால் 'கவுண்ட்இஃப்' காட்டிக்கொடுக்கும்.

சுவையான வேலை 'ரைட்' ஃபார்முலாவுடையது. அது சொல்லின் கடைசி எழுத்துகளை எடுத்துத் தரும். யு, என், ஜி என்று முடியும் சொற்களைத் திரட்டிப் பாருங்கள். செய்தித்தாளைக் குறிக்கும் ட்சைட்டுங், வீட்டைக் குறிக்கும் வோனுங் என்று பெரும்பாலும் 'டீ'தான் வரிசையாக நிற்கும். சி, எச், இ, என் என்று முடிபவற்றில் சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் 'டாஸ்'. இங்கே அந்த நான்கெழுத்து, செல்லமாகச் சுருக்கிச் சொல்லும் விகுதி. அது சேர்ந்தால் சிறுமிக்கும் பெண்பால் கிடையாது. ஆனால் அதே நான்கெழுத்தில் முடியும் கூகென், அதாவது கேக், 'டெர்'. அங்கே அது விகுதியே இல்லை. ஃபார்முலாவுக்கு எழுத்துதான் தெரியும், இலக்கணம் தெரியாது. விதியையும் விலக்கையும் அருகருகே வைத்துக் காட்டும். விலக்குகளை மனப்பாடம் செய்வது நம் பொறுப்பு.

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதையெல்லாம் செய்யலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: முன்சொல் சேர்க்காமல் ஒரு பெயர்ச்சொல்லைக்கூடப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.